மாமான்ரை காத்து

நானுஓயா,
8 நவம்பர் 1937

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் தீபாவளிக்கு அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்தது. புழுக்கொடியலை ஒரே நாளில் தின்று தீர்த்துவிடாமல் நான் ஒளித்து வைத்திருக்கிறேன். பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான் ஒன்றை உங்கள் மருமகள் கமலா விடுகிறாளில்லை. பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்து, அதற்கும் சோறு ஊட்டிக்கொண்டு வீடெல்லாம் திரிகிறாள்.

இனி நான் எழுதப் போவதற்குக் கோபிக்கக் கூடாது. காரில் நீங்கள் பூட்டிவிட்ட சூட்டுப்பெட்டி சுடவில்லை.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கார் ஒரு கிழமை உங்கள் கராஜில் நின்றது. போன வருஷம் நான் இந்தக் குளிரைப் பற்றி அழுது எழுதியதை மனதில் வைத்து, எனக்கும் சொல்லாமல் அதைச் செய்து பூட்டினீர்கள். எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளால் போகும் காற்று சூடாகி என் காலடிக்கு வரும் என்று நிலத்தில் கரிக்கட்டியால் கீறிக் காட்டினீர்கள். எல்லாம் விளங்கியது. ஆனால் இங்கே வந்து இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. என் காலடிக்கு வருவது வெறும் குளிர்தான்.

இவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வெள்ளிக்கிழமைதோறும் நுவரெலியாவுக்குப் போகிறவர். எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். கிழமையில் அந்த ஒரு நாள்தான் நான் தேயிலைச் செடியைத் தவிர வேறு எதையும் பார்க்கிறேன். போன கிழமை கமலாவின் விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. இவர் சிரித்துக்கொண்டு, "கொண்ணை பிஸ்கட் தகரத்தைப் பூட்டிப்போட்டுச் சூட்டுப்பெட்டி எண்டு உனக்குப் பேய்க்காட்டியிருக்கிறார்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கமலாவின் கையை என் சேலைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன்.

ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவர் உங்களை நட்டுக் கழற்றுகிறவன் என்றார். நீங்கள் அவரைத் தண்ணீருக்குச் சாயம் போட்டு விற்கிற அப்போதிக்கரி என்றீர்கள். மூன்று வருஷமாகிறது. ஐயா சீதனமாகத் தந்த அந்தக் காருக்கு ஏதும் வந்தால் மாத்திரம் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தூது போகிறேன். அவர் வாயால் ஒரு நல்ல சொல் வருகிற மாதிரி இந்தப் பெட்டியைச் சரிக்கட்ட வழி சொல்லுங்கள்.

இங்ஙனம் தங்கை,
பாலேஸ்வரி


சாவகச்சேரி,
13 நவம்பர் 1937

தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

பிஸ்கட் தகரமென்றா சொன்னார்? அது மண்ணெண்ணெய்த் தகரம். அதைப் போய்ச் சொல்.

கோபம் ஒன்றுமில்லை. காரைக் கண்ணால் பாராமல் கடிதத்தில் வைத்தியம் பார்ப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. உன் புருஷன் நோயாளியைப் பார்க்காமல் மருந்து கலப்பாரா?

முதலில் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கார் ஒரு மைல்கட்டை தூரம் ஓடி நின்ற பிறகு, முன்பக்க மூடியைத் தூக்கித் தகரப் பெட்டியில் துணி பிடித்துக் கை வைத்துப் பார். பெட்டி சுட்டால் சூடு இருக்கிறது, வழியில்தான் எங்கேயோ மறிபடுகிறது. சாரதி பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும். அதை இழுத்தால் உன் காலடியில் இருக்கிற வாயின் மூடி திறக்க வேண்டும். திறக்கிறதா, இல்லை கம்பி மட்டும் வருகிறதா என்று பார். மூடி திறந்தும் சூடு வராவிட்டால் குழலைக் கழற்றி உள்ளே ஈர்க்குக் குச்சி விட்டுக் குடைந்து பார். இங்கே ஒரு கிழமை மண்ணிலும் வைக்கோலிலும் நின்ற கார்.

இன்னொன்று. வந்த சூடு நிற்க வேண்டும். காலடிப் பலகையில் இருக்கிற ஓட்டைகளுக்குச் சாக்குத் துண்டு அடைத்துவிடு. பக்கத்துக் கான்வஸ் திரைகளைக் கொளுக்கி எல்லாம் போட்டு இறுக்கிக் கட்டு. ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் மலைக்காற்று உள்ளே வந்துவிடும்.

எனக்குள்ள வில்லங்கம் என்னவென்றால், இங்கே அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. பூட்டிய அன்று கைதடிப் பக்கம் ஓடிப் பார்த்தேன். மூடியைத் திறந்து அரை மைல் போகமுன் வேர்த்துச் சட்டையைப் பிழிய வேண்டியதாய்ப் போய்விட்டது. பூட்டியது வேலை செய்கிறது என்று மூடிவிட்டு வந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குளிருக்குச் சாமான் செய்தால் அப்படித்தான்.

கமலாவுக்கு முத்தம்.

இளையதம்பி


நானுஓயா,
5 டிசம்பர் 1937

அன்புள்ள அண்ணை,

எலிக்கூடு. குழலுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. வைக்கோல், பஞ்சு, இவருடைய ஒரு சப்பாத்துக் கயிறு, எல்லாம் உள்ளே கிடந்தன. நான்தான் ஈர்க்கை விட்டுக் குடைந்தேன். இவர் முதலில் மேசையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் வந்து நிலத்தில் படுத்துக் குழலைக் கழற்றினார். ஒரு அப்போதிக்கரி நிலத்தில் படுத்து நட்டுக் கழற்றுகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை.

ஓட்டைகளை எல்லாம் நீங்கள் சொன்னபடி அடைத்தோம். திரைகளை இறுக்கினோம். போன வெள்ளிக்கிழமை கம்பியை இழுத்ததும், அண்ணை, வந்தது பாருங்கள் சூடு. என் சேலைக்கரை காற்றில் ஆடியது. கமலா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை அந்த வாயில் வைத்துக்கொண்டாள். இது யாருடைய காற்று என்று கேட்டாள். மாமா செய்தது என்றேன். அன்று முதல் "மாமான்ரை காத்து" என்றுதான் சொல்கிறாள். காரில் ஏறி இருந்தவுடனே, "மாமான்ரை காத்தைத் திறவுங்கோ" என்று தகப்பனுக்குக் கட்டளை.

போகும் வழியெல்லாம் நித்திரை. இறங்கும்போது கன்னம் இரண்டும் சிவந்து ஊர் மாம்பழம் மாதிரி இருந்தாள். நுவரெலியாவில் துரைமாரின் பிள்ளைகள்தான் அப்படி இருப்பார்கள்.

இவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். திரும்பி வரும்போது, கேட்காமல் தானாகவே சொன்னார்: "கொண்ணைக்கு மூளை இருக்கு." பிறகு, மாசியில் கமலாவுக்கு மூன்று வயது முடிகிறது, தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலில் வைத்துக் காது குத்தலாம், மாமன் மடியில்தானே இருத்த வேண்டும் என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். மூன்று வருஷமாக நான் வைக்காத நேர்த்தியில்லை. கடைசியில் ஒரு தகரப் பெட்டி செய்து முடித்தது.

பாலேஸ்வரி


சாவகச்சேரி,
11 டிசம்பர் 1937

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூளை இருக்கென்று சொன்னவரிடம், அது எங்கள் பரம்பரைச் சொத்து, உன் மூலம் அவர் வீட்டுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று சொல்.

மாசியில் காது குத்துக்கு நான் தொண்டைமானாற்றில் வந்து நிற்பேன். தோடு தட்டாரிடம் செய்யக் கொடுத்துவிட்டேன். சின்னப் பூவும் நடுவில் ஒரு சிவப்புக் கல்லும். பிள்ளையை மடியில் இருத்த ஒரு புது வேட்டி எடுக்க வேண்டும். என் வேட்டியெல்லாம் கிறீஸ் கறை.

அவர் வந்தால் நான்தான் முதலில் கதைப்பேன். நான் மூத்தவன், அது எனக்குக் குறைவில்லை. அதை அவருக்குச் சொல்லாதே.

இளையதம்பி


நானுஓயா,
8 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணை,

கடிதம் எழுதப் பிந்திவிட்டது. கமலாவுக்கு உடம்பு சரியில்லை.

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று இவர் சொல்கிறார். தலையிடிக்கிறது என்று அழுகிறாள், சத்தியெடுக்கிறாள், பிறகு அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறாள். அடுத்த நாள் எழும்பிச் சும்மா ஓடித் திரிகிறாள். நான்கு கிழமையாக இப்படி. இவர் பூச்சி என்று மருந்து கொடுத்தார். ஒன்றும் விழவில்லை. பிறகு கண்ணில் குறை இருக்கலாம், அதுதான் தலையிடி என்றார். நான் நாவூறு என்று நினைத்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். அவ்வளவு சிவந்த கன்னத்தைப் பார்த்தால் யார்தான் கண் வைக்க மாட்டார்கள்? இவருக்குத் தெரியாமல்தான் செய்தேன்.

எனக்கு வேதனை என்னவென்றால், இது எப்போதும் வெள்ளிக்கிழமைகளில்தான் வருகிறது. அவள் ஆசையோடு காத்திருக்கிற ஒரே நாள் அது. நுவரெலியாக் கோயிலுக்குள் போகும்போதே என் தோளில் சாய்ந்துவிடுகிறாள். நேற்றுச் சாமியைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கும் அன்றைக்கு மண்டையிடிதான். அது வழி நெடுகப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதால் இருக்கும். இவருக்கு ஒன்றுமில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். எங்களைத்தான் பலவீனம் என்கிறார்.

உங்கள் கராஜில் வேலை எப்படி? மழை விட்டுவிட்டதா?

பாலேஸ்வரி


சாவகச்சேரி,
11 ஜனவரி 1938

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். சில விஷயம் கேட்கிறேன், ஒன்றும் விடாமல் மறுமொழி எழுது.

காரில் நீ எந்தப் பக்கம் இருக்கிறாய்? பிள்ளை உன் மடியிலா, கீழேயா? அவர் பக்கத்துத் திரை கட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? சூட்டுக்காற்றில் ஏதும் மணம் வருகிறதா? கண் எரிகிறதா? எஞ்சின் சத்தம் முன்பு போல இருக்கிறதா, இல்லை புசு புசு என்று ஏதும் கேட்கிறதா?

காரணமாகத்தான் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான். போன மாரியில் மழைக்குக் கராஜ் கதவைச் சாத்திவிட்டு ஒரு எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்தேன். அன்று எனக்கும் அப்படி ஒரு தலையிடி வந்தது, சத்தியும் வந்தது. அது நினைவு வந்தது, அவ்வளவுதான்.

மறுமொழி வரும்வரை, முடிந்தால், சூட்டுப்பெட்டியின் மூடியைத் திறக்காமல் இருந்தால் நல்லது. பெரிதாக ஒன்றுமில்லை.

இளையதம்பி


நானுஓயா,
15 ஜனவரி 1938

அன்புள்ள அண்ணை,

நீங்கள் கேட்டதற்கெல்லாம் மறுமொழி. நான் இடப் பக்கம், இவருக்குப் பக்கத்தில். கமலா என் மடியில் இருப்பாள், பிறகு வழுகி இறங்கிக் காலடியில், அந்த வாய்க்குக் கிட்ட, சுருண்டு படுத்துவிடுவாள். எங்கள் பக்கத்துத் திரை ஒரு ஊசிக்கும் வழியில்லாமல் இறுக்கியிருக்கிறது. இவர் திருப்பங்களில் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டுமே, அதனால் இவர் பக்கத்துத் திரை எப்போதும் பாதி திறந்துதான். மணம் ஒன்றுமில்லை, தகரம் சுடுகிற மணம் மட்டும். மலை ஏறும்போது லேசாகப் புசு புசு என்று கேட்கிறது. அது ஏற்றத்துக்கு எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்று இவர் சொன்னார்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். அது என் பிழை. "மருந்து படிச்சது நானோ, கொண்ணையோ?" என்று கேட்டார். நான் உங்களுக்காகப் பரிந்து பேசலாம் என்றால், நீங்களே பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து வாதாடுவேன்? இப்போதுதான் உங்களைப் பற்றி நல்லதாகப் பேசத் தொடங்கியிருக்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அவருக்குத் துரை வீட்டில் வேலை, அதனால் நாங்கள் வெளியே போகவில்லை. பிள்ளை நன்றாக இருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்தோராம் தேதி, கண்டியில் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். காலையில் வெளிக்கிட்டு ரம்பொடைக் கணவாயால் இறங்கினால் மத்தியானத்துக்கு முன் போய்விடலாம் என்கிறார். கண்ணாடி போட வேண்டி வந்தால் காது குத்துக்கு முன் போட்டுவிடலாம்.

பாலேஸ்வரி


சாவகச்சேரி,
20 ஜனவரி 1938, வியாழன்

பாலேஸ்வரி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ கண்டிக்குப் போய்விட்டிருப்பாய். அதனால் இன்று காலை பத்து மணிக்குத் தந்தி அடித்துவிட்டேன். தபாலதிபர் பரமலிங்கத்தாரிடம் சொல்லி ஆங்கிலத்தில் எழுதுவித்தேன். சூட்டுப்பெட்டியை மூடு, விஷப்புகை, பிள்ளைக்கு வருத்தம் காரால்தான் என்று. உன் புருஷன் பெயருக்குத்தான் அடித்தேன். தந்தியையாவது அவர் மதிப்பார்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஆவணியில் நான் அந்தப் பெட்டியைப் பூட்டும்போது புகைக்குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்புக் கண்டேன். புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகும். நீங்கள் ஒரு கிழமையில் போக வேண்டும். கார் பழுது என்று சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். சீதனமாக வந்த கிழட்டுக் கார் என்பார். அதனால் தகரத் துண்டு வைத்து ஈயத்தால் பற்றவைத்துவிட்டேன். அதற்கு மேலேதான் சூட்டுப்பெட்டியைப் பூட்டினேன். வெடிப்பும் மறைந்தது, என் வெட்கமும் மறைந்தது. குழாய்ச் சூட்டைத் தாங்கப் பித்தளையால் பற்றவைத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். கைதடி வரைக்கும் ஓடினேன், ஈயம் அசையவில்லை. சமதரையில் ஓடுகிற எங்களுக்கு இது போதும் என்று நினைத்தேன். நீ இருப்பது மலை என்பதை நான் நினைக்கவில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அப்போதே தந்தி அடித்திருக்க வேண்டும். நான் அடிக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்வோம், வீணாக என் வேலையை நானே குறை சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். கல் ஏற்றுகிற மார்க்கண்டுவின் லொறியைக் கேட்டு வாங்கி, அதன் புகைக்குழாயில் ஒரு ஓட்டை போட்டு, அதே மாதிரித் தகரம் வைத்து அதே ஈயத்தால் பற்றவைத்தேன். கல் ஏற்றிக்கொண்டு, மலைக்குப் பதிலாக, பளை வரைக்கும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினேன். நேற்றுப் பின்னேரம் பளையில் இறங்கிப் பார்த்தேன். தகரத் துண்டு இல்லை. ஈயம் உருகி வழியில் கொட்டிவிட்டது. குழாயிலிருந்து புகை புசு புசு என்று அடித்துக்கொண்டிருந்தது. நீ எழுதிய அதே சத்தம். திரும்பி வரும்போது தந்திக் கந்தோரைப் பூட்டிவிட்டார்கள்.

அந்தப் புகைக்கு மணமில்லை, பாலேஸ். கன்னம் சிவந்தது மலைக்குளிரால் இல்லை. ஓட்டைகளை அடை, திரையை இறுக்கு என்று எழுதியதும் நான்தான்.

தந்தி கிடைத்ததென்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

இளையதம்பி


நானுஓயா,
5 பெப்ரவரி 1938

அண்ணைக்கு,

நாங்கள் கண்டியிலிருந்து ஜனவரி முப்பத்தோராம் தேதிதான் வீட்டுக்கு வந்தோம். உங்கள் கடிதம் கதவுக்குக் கீழே கிடந்தது. இன்றுதான் எனக்கு எழுதக் கை வருகிறது.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன்.

தந்தி வியாழன் பின்னேரமே இவர் கைக்கு வந்துவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. பிறகு இவருடைய கோட்டைத் தோய்க்க எடுத்தபோது பையில் நான்காக மடித்துக் கிடந்தது. நான் எடுத்து மேசையில் வைத்தேன். இவர் பார்த்தார், எடுத்துத் திரும்பவும் நான்காக மடித்தார். ஆனால் இவர் உங்கள் சொல்லைத் தட்டவில்லை, அண்ணை. அன்று காலை வெளிக்கிடும்போது கம்பியை இழுக்கவில்லை. மூடி பூட்டியேதான் இருந்தது. ஏனென்று எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் கோளாறாக்கும் என்று நினைத்தேன்.

கணவாய்க்குக் கிட்டப் பனிமூட்டம். கமலா விறைத்துப்போய் மாமான்ரை காத்து வேண்டும் என்று அழத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் அழுதாள். இவருக்கு அவளுடைய அழுகை தாங்காது என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளைகளின் கைக்குக் கட்டுப் போட்டாலும் இவளுடைய அழுகைக்கு எழும்பி வெளியே போய்விடுகிறவர். அப்போதும் பொறுத்துக்கொண்டு ஓட்டினார். நான்தான் சொன்னேன்: "கொஞ்சம் திறந்து விடுங்கோவன், பிள்ளை விறைக்குது." இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு கம்பியை இழுத்தார். கமலா சிரித்தாள். காலடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. இவர் சொல்லித்தான் தெரியும். ரம்பொடை இறக்கத்தில் என்னிடம் ஏதோ கேட்டாராம், நான் மறுமொழி சொல்லவில்லையாம். காரை நிறுத்தி எங்கள் இருவரையும் இழுத்து வீதியோரப் புல்லில் போட்டாராம். எனக்குத் தூறல் முகத்தில் பட்டு நினைவு வந்தது. கண்ணைத் திறந்தபோது இவர் முழங்காலில் இருந்து, மூச்சு வரட்டும் என்று பிள்ளையின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவள் பேரைச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை எண்ணினார் என்று எனக்குத் தெரியாது.

கண்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். மூச்சு நன்றாக வந்துவிட்டது, நடக்கிறாள், ஊட்டினால் சாப்பிடுகிறாள். ஆனால் கதைக்கிறாளில்லை, அண்ணை. ஒரு சொல் இல்லை. பனங்கட்டிக் குட்டானைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். அதை இடுப்பில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நேற்று அடுப்புத் தணலில் கையை வைத்துவிட்டாள். தோல் கொப்புளித்துவிட்டது, அவள் அழவில்லை. எடுத்துத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சும் நினைவும் திரும்பவும் வரும், வராமலும் போகும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதைச் சொல்ல வைத்தியர் எதற்கு?

இவர் வந்த அன்றே சூட்டுப்பெட்டியைத் தன் கையால் கழற்றி மேசையில் கொண்டுவந்து வைத்தார். அடியில் ஈயம் மிளகு மிளகாக உறைந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மருந்துப் போத்தல் ஒன்றில் போட்டு மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.

உங்களை நான் என்ன சொல்வது? ஈயம் வைத்தது நீங்கள். தந்தியை மடித்து வைத்தது இவர். திறவுங்கள் என்று சொன்னது நான். யாரில் கோபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கோபித்தால் பிள்ளை கதைப்பாளா?

பாலேஸ்வரி


சாவகச்சேரி,
10 பெப்ரவரி 1938

தங்கச்சிக்கு,

நான் எழுதித் தீர்க்கக்கூடிய விஷயமில்லை இது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

கராஜைப் பூட்டிவிட்டேன். ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன். யாராவது வந்து கார் பிழை என்று சொன்னால், எனக்குத் தெரியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்கிறேன்.

நேற்றுச் சந்நிதிக்குப் போனேன். காது குத்துக்கு என்று சொல்லி வைத்திருந்த ஐயரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டாம். அங்கேயே எந்தக் கோயிலிலாவது குத்திவிடுங்கள். தோட்டை ஒரு பெட்டியில் வைத்து எங்கள் ஊர் அருட்பிரகாசத்திடம் கொடுத்துவிடுகிறேன். அவர் இருபதாம் தேதி நுவரெலியாவுக்கு உத்தியோகத்துக்குப் போகிறார்.

நான் வரவில்லை. மாமன் மடியில் இருத்துவது முறை என்று எனக்குத் தெரியும். என் மடியில் அவளை இருத்த எனக்குத் தைரியமில்லை. நான் செய்தது எல்லாம் அவளுக்கு நல்லதுக்கென்று செய்தது. இனி அவளுக்கு நான் நல்லது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது.

புது வேட்டியும் அதே பெட்டியில் இருக்கிறது. அதை உன் புருஷனிடம் கொடு. அவர் மடியிலேயே இருத்தட்டும்.

இளையதம்பி


நானுஓயா,
10 மார்ச் 1938

அண்ணைக்கு,

நேற்றுக் காது குத்தினோம். தோட்டத்து முருகன் கோயிலில். ஆட்கள் அதிகமில்லை. கங்காணியின் பெண்சாதியும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிற பத்மாசினியும், நாங்களும், தட்டாரும்.

நீங்கள் அனுப்பிய வேட்டியை இவர் உடுக்கவில்லை. உடுக்கச் சொன்னேன். மடித்த மடிப்போடு கொண்டுவந்து ஒரு பலகையில் விரித்தார். அதன்மேல் பிள்ளையை இருத்தினார். "இது மாமன்ரை இடம்" என்று தட்டாருக்குச் சொன்னார். பிறகு தான் பக்கத்தில் நிலத்தில் இருந்து அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் வராததற்கு நான் உங்களை மன்னிக்க மாட்டேன், அண்ணை. ஈயத்தை மன்னிப்பேன். இதை மாட்டேன். அந்த வேட்டி உடுக்க ஆளில்லாமல் பலகையில் கிடந்தது வலித்தது போல எனக்கு வேறு ஒன்றும் வலிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை அழுவாளே என்ற பயமில்லை. அழமாட்டாளே என்ற பயம். ஒன்றரை மாதமாக விழுந்தாலும் அழவில்லை, ஊசி போட்டாலும் அழவில்லை. அழுகைக்காக நான் எப்படி ஏங்கிப் போனேன் என்று ஒருவருக்கும் சொல்ல முடியாது.

தட்டார் வலக் காதைக் குத்தினார். கம்பி உள்ளே போய் இரத்தம் பொட்டாக வந்தது. கமலா எதிரில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைகூட வெட்டவில்லை. கங்காணியின் பெண்சாதி, என்ன நல்ல பிள்ளை, சத்தம் போடாத பிள்ளை என்று மெச்சினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு இடக் காது. அது கொஞ்சம் கடினமாக இருந்தது போல, தட்டார் இரண்டு முறை அமுக்கினார். அப்போது அவளுடைய கீழுதடு கோணியது. முதலில் நான் நம்பவில்லை. மூக்கு விரிந்தது. வாயைத் திறந்தாள். சத்தம் வரக் கொஞ்சம் பிந்தியது. வந்தபோது முழுக் கோயிலும் கேட்டது. பழைய அழுகைதான், அண்ணை, அதே கீச்சுக் குரல். கையை நீட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, எங்களைத் திட்டுகிற மாதிரி அழுதாள். சொல் ஒன்றும் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. ஆனால் அழுதாள்.

பத்மாசினி கற்கண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கங்காணியின் பெண்சாதி வாயில் விரலை வைத்துச் சூ, சூ என்றாள். தட்டார் பிள்ளையைத் தூக்கிக் குலுக்கப் போனார். இவர் எல்லாரையும் கையால் மறித்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"விடுங்கோ," என்றார். "அழட்டும்."

பாலேஸ்வரி